கல் எறியக் கூடாத இடம்

ஐம்பது நிமிடம் மண். பத்து நிமிடம் ஓய்வு.
முகக்கவசத்தை நெற்றிக்கு மேல் தள்ளியதும்
முதலில் வருவது காற்று,
அடுத்தது மந்திகள்.

சிவப்புத் தடிகளுக்கு அப்பால்,
இன்னும் ஒருவரும் கால்வைக்காத பக்கம்,
ஒரு பாலைமரம். ஆனி மாதம்.
கிளை முழுக்கப் பழம், பழம் முழுக்கப் பால்.
கருத்த முகங்களில் உதடு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது.
பதினேழு என்று எண்ணினேன்.
பத்தொன்பது என்றாள் சத்தியரூபி,
வயிற்றில் தொங்கும் குட்டிகளையும் சேர்த்து.
அவள் அப்படித்தான்.
பதிவுப் படிவத்திலும்
இல்லாதவர்களுக்கு ஒரு வரி கேட்பவள்.

மொசாம்பிக்கில் இருந்து வந்த பயிற்சியாளர் அர்மாண்டோ
கைபேசியில் படம் காட்டினார்:
அவருடைய ஊர்ப்பக்கத்துத் தேசியப் பூங்கா,
மஞ்சள் புல், நாய்முகக் குரங்குகள்,
திறந்த ஜீப்பில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்.
"அங்கேயும் முதலில் போனது நாங்கள்தான்.
நிலம் கிண்டி முடிந்த பிறகுதான்
ரிக்கற் விற்றார்கள்."
என்ன விலை என்று கேட்டாள் கோமளா.
அவர் சொன்ன டொலரை ரூபாயாக்கி,
சம்பளத்தால் பிரித்து,
இரண்டு நாள் மண் என்று முடிவுகட்டினோம்.
பிறகு இலவசமாகப் பார்த்தோம்.

பார்ப்பதற்கும் விதி உண்டு.
கைதட்டலாம். சூ என்று கத்தலாம்.
கல் எறியக் கூடாது.
கிண்டாத நிலத்தில்
கல் விழுவதும் கால் விழுவதும் ஒன்று
என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அன்றைக்குத் தாட்டான் இறங்கியது.
வால் முதுகுக்கு மேல் வளைய,
அவசரமே இல்லாமல்,
காணி பார்க்க வந்த ஆள்போல.

விசில் ஊதினார் மேற்பார்வையாளர் விமலரூபன்.
யாருக்கு ஊதினார் என்று அவருக்கே தெரியாது.
ஐந்து எட்டு. ஏழு.
உதிர்ந்த பழமொன்றை எடுத்து மணந்தது.
குந்தியது.
இரண்டு கையாலும் தின்றது.

"பத்துக் கிலோ வருமோ?"
"எட்டுத்தான்."
"மெலிஞ்சதெல்லோ, ஏழு எண்டு சொல்லு."

கிளினிக் தராசில் பிள்ளையை வைத்து
முள் ஏற வேண்டுமென்று வேண்டியிருக்கிறேன்.
ஏறக் கூடாதென்று வேண்டியது
அன்றுதான்.

தாட்டான் சிவப்புத் தடி ஒன்றைப் பிடுங்கியது,
கடித்தது, பிடிக்கவில்லை, போட்டது.
எங்களைப் பார்த்தது.
ஆறு பெண்கள், ஓர் ஆண், ஒரு வெளிநாட்டார்,
வரிசையாக, அசையாமல்.
அதற்கு என்ன தோன்றியதோ,
வந்த வழியிலே திரும்பி ஏறியது.

ஓய்வு பதினெட்டு நிமிடமாகிவிட்டது.
நாட்குறிப்பில் பத்து என்றே எழுதினார் விமலரூபன்.

ஆறாம் நாள்
என் ஒழுங்கை அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.
உலர்ந்த பழக்கொட்டைகள் நாலு.
கருவி கத்தியது.
கரண்டியால் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டி
ஒன்றரை மணித்தியாலம்.
கொட்டைகளில் இருந்து ஒரு சாண்.
பச்சை, வட்டம், சவர்க்காரப் பெட்டி அளவு.
நான் சத்தம் போடவில்லை.
கையை மட்டும் உயர்த்தினேன்.
மேலே இலைகளுக்குள்
யாரோ பழம் மென்றுகொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு அழிப்பதாக ஏற்பாடு.
சைரனைச் சுற்ற முன்னமே
மந்திகள் குளக்கட்டுக்கு மாறியிருந்தன.
கோமளா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
நடக்கிற நடையையே படித்துவிட்டன.
நாங்கள் அதைப் படிக்க மூன்று கிழமை எடுத்தது.

வெடித்தது.
பாலைமரம் பழத்தைக் கொட்டியது.

விதிப்படி முப்பது நிமிடம்
ஒருவரும் உள்ளே போகக் கூடாது.
புகை அடங்க முதலே
தாட்டான் முன்னுக்கு,
பதினாறோ பதினெட்டோ பின்னுக்கு,
வீரை, முதிரை, மறுபடி வீரை என்று
கொப்புக்குக் கொப்பு தாவி வந்து
தங்கள் மரத்தில் ஏறிக்கொண்டன.

கயிற்றுக்கு இப்பால்
நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்தபடி.
இன்னும் இருபத்துநாலு நிமிடம்.